மடையில் கட்டிய நெத்திலி வலை

பேய்க்குப் பயப்படுகிறவர்களை நாஞ்சில் நாட்டில் நிறையப் பார்த்திருக்கிறேன். பெண்டாட்டிக்குப் பயப்படுகிறவனைத் தினமும் சவரம் பண்ணும்போது கண்ணாடியில் பார்க்கிறேன். ஆனால் அடுத்தவன் வேட்டிக்கரையைக் கண்டு பயந்த மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான் இருந்திருக்க முடியும். அவர் சல்லடைப் பிள்ளை.

பெற்றவர்கள் வைத்த பேர் ஒன்றும் அவருக்கு இருந்தது. அவர் மகள் கல்யாணப் பத்திரிகையில் அதை அச்சடித்தபோது, ஊர்க்காரர்கள் பத்திரிகையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது யாரு வீட்டுக் கல்யாணம்?" என்று கேட்டார்கள். பிறகு ஒவ்வொரு பத்திரிகையிலும் பேருக்குப் பக்கத்தில் 'சல்லடை' என்று மையால் எழுதிக் கொடுக்க வேண்டியதாயிற்று. எழுதியது நான்தான். அந்தக் கல்யாணத்தில் மாப்பிள்ளையும் நான்தான். மாப்பிள்ளை ஆகாமல் போகவும் பார்த்தேன், அதைப் பிறகு சொல்கிறேன்.

திருவாங்கூரும் கொச்சியும் ஒரே ராஜ்ஜியமாகியிருந்த காலம். கோட்டாற்றிலிருந்து இரண்டு கல் தூரத்தில், கால்வாய்க்கரையை ஒட்டி அவருக்கு வீடும் வயலும். கன்னிப்பூ, கும்பப்பூ என்று வருடத்துக்கு இரண்டு போகம். மண்ணுக்கு ஓய்வே கிடையாது, ஆகையால் களைக்கும் ஓய்வு கிடையாது. அதிலும் கவடை என்று ஒரு புல் உண்டு. இளசாக இருக்கும்போது அச்சு அசல் நெல் மாதிரியே இருக்கும். நாற்றங்காலில் நெல்லோடு வளரும், நடுகிற பெண்கள் கையாலேயே மரியாதையாக நடப்படும், நெல்லுக்குப் போட்ட உரத்தை எல்லாம் தின்றுவிட்டு, கதிர் வந்த பிறகுதான் "நான் வேற ஆளாக்கும்" என்று காட்டும். அதற்குள் விதையும் உதிர்த்துவிடும். மற்றவர்கள் இதற்காக ஒரு நாள் வருத்தப்பட்டுவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பார்கள். சல்லடைப் பிள்ளை இருபத்தைந்து வருடம் வருத்தப்பட்டார். விதைநெல்லை ஒரு மணி விடாமல் தன் கையாலேயே சல்லடையில் அரித்துத்தான் விதைப்பார், அந்தப் பேர் அப்படி வந்ததுதான்.

அவர் வயலுக்குள் கால் வைக்க வேண்டுமானால் முதலில் வரப்படியில் இருக்கும் கல்தொட்டியில் காலைக் கழுவ வேண்டும். அப்புறம் வேட்டியை உதற வேண்டும். அப்புறம் அவர் குனிந்து வேட்டிக்கரையை விரலால் தடவிப் பார்ப்பார். ஏதாவது புல்விதை ஒட்டியிருந்தால், சாட்சிக்கு இரண்டு பேரைக் கூப்பிட்டுக் காட்டிவிட்டு, இடுப்பில் தொங்கும் தகர டப்பாவில் போட்டு மூடிவிடுவார். ஒருமுறை வரி விஷயமாக வந்த பார்வத்தியக்காரரையே அவர் விடவில்லை.

"நான் சர்க்கார் ஆளாக்கும் ஓய்," என்றார் பார்வத்தியக்காரர்.

"சர்க்காரு உள்ள வரட்டும். வேட்டி உதறிட்டு வரட்டும்," என்றார் பிள்ளை.

அந்தப் பார்வத்தியக்காரரிடமே பிறகு ஒரு பிராது போனது. பக்கத்து வயலில் கவடை கதிர் தள்ளியதும், விதை காற்றில் வந்து தன் வயலில் விழுந்துவிடும் என்று, சல்லடைப் பிள்ளையே அரிவாளோடு உள்ளே புகுந்து கவடைக் கதிரை எல்லாம் அறுத்துக்கொண்டு போய்விட்டார். பக்கத்து வயல்காரர், "என் களையைக் களவாண்டுட்டாரு" என்று எழுதிக் கொடுத்தார். களையைத் திருடினால் என்ன தண்டனை என்று பார்வத்தியக்காரர் மூன்று நாள் புத்தகத்தைப் புரட்டினார். கடைசியில் இருவரையும் கூப்பிட்டு மோர் வாங்கிக் கொடுத்து அனுப்பினார்.

வெளியூர்க் காளைகள் உழ வந்தால் மூன்று நாள் வாசலில் கட்டிப்போட்டு, பிள்ளை தன் வைக்கோலை மட்டும் போடுவார். வெளியே தின்ற புல்லின் விதை எல்லாம் சாணியாக வெளியேறிய பிறகுதான் காளைக்கு வயலில் பிரவேசம். இதாவது போகட்டும். கோயில் திருவிழாவில் யானை அவர் வயல் வரப்பை ஒட்டிய பாதையில்தான் ஊர்வலம் வரும். யானை எங்கெங்கோ எதையெதையோ தின்றுவிட்டு வருகிறது. பிள்ளை குளித்து, திருநீறு பூசி, பனையோலைக் கூடையான கடவம் ஒன்றைத் தலையில் வைத்துக்கொண்டு, யானைக்குப் பின்னாலேயே பக்தியோடு நடந்தார். யானை வாலைத் தூக்கும்போதெல்லாம் ஓடிப்போய்க் கடவத்தை ஏந்தினார். அசலூர்க்காரர்கள் அதை ஏதோ நேர்ச்சை என்று நினைத்துக்கொண்டார்கள். அடுத்த வருடம் யானைக்குப் பின்னால் மூன்று கடவம் வந்தது. அதில் ஒருவருக்கு அந்த வருடமே ஆண் குழந்தை பிறந்துவிட்டது, அதற்குப் பிறகு பிள்ளைக்கே யானைப் பக்கத்தில் இடம் கிடைக்கவில்லை.

விதைக்கும் காலம் வந்தால் ஊரே உழுது, நாற்று நட்டுக்கொண்டிருக்கும். இவர் உழுது, தண்ணீர் கட்டி, வடித்துவிட்டு, வரப்பில் சும்மா உட்கார்ந்திருப்பார். பத்து நாளில் வயல் முழுக்கக் களை பச்சைப்பசேலென்று முளைத்துவிடும். போகிறவர்கள், "என்னவே, இந்தப் பூவுக்குக் களைதான் வெதச்சிருக்கீரோ?" என்று கேட்பார்கள்.

"வரட்டும் மக்கா, எல்லாரும் வரட்டும். ஒருத்தரையும் விடாம விருந்துக்கு விளிச்சிருக்கேன்," என்பார். எல்லாம் முளைத்த மறுநாள் மறுபடியும் உழுது அத்தனையையும் சேற்றில் அமுக்கிவிடுவார். பிறகு நெருக்கமாக நட்டு, நாலு விரல் தண்ணீரைக் குறையாமல் நிறுத்துவார். மிச்சம் மீதி இருக்கும் களைக்கு வெயிலும் கிடைக்காது, மூச்சும் கிடைக்காது. அவர் வயலில் களை பறிக்க வந்த பெண்கள் ஒரு நாழிகையில் வேலையை முடித்துவிட்டு, ஆரைக்கீரையை மடியில் கட்டிக்கொண்டு போவார்கள். ஆரைக்கீரைக்கு மட்டும் அவர் தடை போடவில்லை, அதைத் தேங்காய் துருவிப் போட்டு வதக்கிய துவரன் அவருக்குப் பிடிக்கும்.

களையைக் கருக்கும் மருந்து அப்போதுதான் வரத் தொடங்கியிருந்தது. ஒரு கம்பெனி ஆள் சப்பாத்தும் கையுமாக அவரிடம் வந்தார். சப்பாத்தைக் கழற்றி, கால் கழுவி, கால்சட்டையை உதறி, ஒருவழியாக வரப்புக்கு வந்து சேர்ந்தார். கோரை, அகல இலைக் களை எல்லாம் நாலு நாளில் கருகிவிடும், புல் சாதியை மருந்து தொடாது, அதனால் நெல்லுக்கு ஆபத்தே இல்லை என்று விளக்கினார்.

"கவடை புல்லு சாதியாக்குமே?" என்றார் பிள்ளை.

"ஆமா."

"அப்ப அதையும் தொடாது?"

"தொடாது."

"ஆரைக்கீரையக் கருக்கிப்போட்டு, கவடைக்கு எடம் ஒழிச்சுக் கொடுக்கதுக்கா ஓய் இவ்வளவு தூரம் வந்தீரு?"

அந்த ஆள் சப்பாத்தைக் கையில் எடுத்துக்கொண்டு போனதைப் பார்த்ததாகப் பலர் சொன்னார்கள்.

ஆனால் இவை எதுவும் ஊர் சிரித்த காரியம் அல்ல. ஊர் சிரித்தது வலையைப் பார்த்துத்தான். கால்வாயிலிருந்து அவர் வயலுக்குத் தண்ணீர் பாயும் மடையில், வருடம் முழுக்க ஒரு மீன்வலை கட்டியிருக்கும். "என் வயலுக்குக் கவடை வந்ததே இந்தக் கால்வாத் தண்ணியிலயாக்கும். மேல உள்ளவன் வயல்ல உதிருத வெதையெல்லாம் மெதந்து இங்க வருகு. அதை வலை கட்டிப் பிடிக்கேன்," என்று கேட்டவர்களிடமும் கேட்காதவர்களிடமும் சொல்லுவார். அது நெத்திலி வலை. கடற்கரையிலிருந்து அதைக் கொண்டுவந்து கொடுத்த மீன்காரர் மிக்கேல் முதல் நாளே சொல்லிவிட்டார்: "அண்ணாச்சி, இதுல நெத்திலியே பாதி தப்பிப் போவும். எள்ளு அளவு வெதை எங்கன நிக்கும்?" பிள்ளை காதில் வாங்கவே இல்லை. வலையில் விதை மாட்டியதாக யாரும் பார்த்ததில்லை. கெளுத்தி மாட்டியது, மேலக்கரையில் குளித்தவரின் கோவணம் மாட்டியது, ஒருமுறை ஒரு செம்பும் மாட்டியது. கிழிந்தால் பிள்ளையின் மனைவி வாசலில் உட்கார்ந்து பொறுமையாகத் தைத்துக் கொடுப்பாள். கிறுக்கு என்று ஒருமுறை தீர்ப்பாகிவிட்டால், பிறகு யாரும் ஏன் என்று கேட்பதில்லை.

நான் கோட்டாற்றில் ஒரு பள்ளிக்கூடத்தில் டிராயிங் வாத்தியார். எனக்கு அப்பா கிடையாது. இருந்த கொஞ்சம் வயலைத் தனியாகவே பயிரிட்டு அம்மா என்னை ஆளாக்கினாள். அவள் வயலில் நெல்லும் இருந்தது, கவடையும் இருந்தது. "அதுவும் உசிருதானே, ஒரு மூலைல நின்னுட்டுப் போகட்டும்" என்பது அவள் கொள்கை. அந்த வயலைப் பற்றி நான் குறை சொன்னால் அன்றைக்கு எனக்குச் சோறு கிடையாது.

சல்லடைப் பிள்ளை மகள் பகவதிக்கு மாப்பிள்ளை பார்க்கிறார்கள் என்று தகவல் வந்து, நானும் அம்மாவும் போனோம். வீட்டுக்கு வரப்பு வழியாகத்தான் போக வேண்டும், ஆகையால் போனதுமே கல்தொட்டி. அம்மா காலைக் கழுவினாள். அப்புறம் பிள்ளை, தலையைக் குனிந்துகொண்டு, "தங்கச்சி, அந்தச் சேலை முந்தானைய ஒரு உதறு..." என்று ஆரம்பித்தார். அம்மா என்னைப் பார்த்த பார்வையில் நான் தொட்டிக்குள் இறங்கி ஒளிந்துகொள்ளலாமா என்று நினைத்தேன்.

மாப்பிள்ளைகளுக்கு அங்கே ஒரு பரீட்சை உண்டு என்பது எனக்குத் தெரியாது. எனக்கு முன்னால் வந்த மூன்று பேரும் அதில் தோற்றுத்தான் திரும்பியிருந்தார்கள். இதுவும் தெரியாது. காப்பி கொண்டுவந்த பகவதி, டம்ளரை வைக்கிற சாக்கில் குனிந்து, என்னைப் பார்க்காமலே, "நாக்கு இல்லாததுதான் கவடை," என்று முணுமுணுத்துவிட்டுப் போனாள். நான் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருப்பதைத்தான் குத்திக் காட்டுகிறாளோ என்று நினைத்தேன். பெண் நன்றாக இருந்தாள், வாய் கொஞ்சம் கூடுதல் என்று மனதில் குறித்துக்கொண்டேன்.

பிறகு பிள்ளை என்னைப் பின்கட்டுக்குக் கூட்டிப்போனார். பூட்டின ஒரு அறையைத் திறந்து, துணியால் மூடின மண்சட்டி ஒன்றை எடுத்து வைத்தார். அதில் பத்து நாற்று.

"இதுல அஞ்சு நெல்லு, அஞ்சு கவடை. கவடைய மட்டும் பிடுங்கும் பாப்போம்."

தன் வயலில் ஒரு கவடை முளைத்தால் சோறு இறங்காத மனிதர், மாப்பிள்ளைகளுக்காக ஐந்து கவடையைத் தண்ணீர் ஊற்றி, துணி போர்த்தி, பூட்டி வைத்து வளர்த்துக்கொண்டிருந்தார். முதல் மாப்பிள்ளை ஐந்து நெல்லையும் பிடுங்கிவிட்டாராம். இரண்டாமவர் பத்தையும் பிடுங்கினாராம். மூன்றாமவர், "இதெல்லாம் ஆளு வெச்சுப் பாத்துக்கிடலாம்" என்றாராம், அவருக்குக் காப்பி கூடக் கிடைக்கவில்லை.

எனக்கு எல்லாம் ஒரே பச்சையாகத்தான் தெரிந்தது. ஆனால் ஒரு இலையை வரையச் சொன்னால் அது தண்டோடு சேரும் இடத்தைத்தான் டிராயிங் வாத்தியார் முதலில் பார்ப்பான். உட்கார்ந்து பார்த்தேன். சில நாற்றுகளில் அந்த இடத்தில் சவ்வு மாதிரி, வெள்ளையாக, நகக்கண் அளவுக்கு ஒரு நாக்கு. சிலவற்றில் அது இல்லை, வழவழவென்று இருந்தது. பகவதியின் குரல் அப்போதுதான் காதில் விழுந்தது. நாக்கில்லாத ஐந்தையும் பிடுங்கி வைத்தேன்.

பிள்ளை ஐந்தையும் ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். பிறகு என் தோளைத் தொட்டு, "கண்ணுள்ள ஆளாக்கும் நீரு," என்றார். எனக்கு அந்த நிமிஷமே பகவதியைத் தவிர வேறு பெண் வேண்டாம் என்றாகிவிட்டது. அம்மாவுக்கோ அந்த வீட்டைத் தவிர வேறு எந்த வீடானாலும் சரி என்றாகிவிட்டது. "சேலைய உதறச் சொன்ன வீட்டுல சம்மந்தமாலே?" என்று ஒரு மாதம் புலம்பினாள். நான் இரண்டு நாள் பட்டினி கிடந்தேன். இளகிப்போய்ச் சம்மதித்தாள், ஆனால் ஒரு நிபந்தனை. கல்யாணத்தில் நிறைநாழிக்கு அவள் வயல் நெல்லைத்தான் வைக்க வேண்டும்.

மணவறையில் குத்துவிளக்குக்குப் பக்கத்தில், நாழியில் நெல்லைக் குவித்து, மேலே தென்னம்பூ செருகி வைப்போமே, அதுதான் நிறைநாழி. கல்யாணத்தில் அது லட்சுமி. அதை யாரும் தொடக்கூடாது. அம்மா தன் நெல்லைத் தானே கொண்டுவந்து, கோபுரமாகக் குவித்து, இரண்டு அடி தள்ளி நின்று அழகு பார்த்தாள். என் கல்யாணத்துக்கு அவள் கழுத்தில் போட நகை இல்லை. அந்த நெல்தான் அவள் நகை.

நான் மாலையோடு உட்கார்ந்தேன். பகவதி வந்து உட்கார்ந்தாள். சல்லடைப் பிள்ளையை நிறைநாழிக்கு எதிரே உட்கார வைத்தார்கள். அதைவிடப் பெரிய பிசகை எந்தக் கல்யாணத்திலும் யாரும் செய்திருக்க முடியாது.

அவர் முதலில் விளக்கைப் பார்த்தார். பிறகு நாழியைப் பார்த்தார். அப்புறம் கண்ணை அந்தப் பக்கம் திருப்பவே கூடாதென்று கூரையைப் பார்த்தார். நெற்றியில் வேர்த்தது. வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டார். சடங்கு நடத்திய போற்றி தாரை வார்க்கும் மந்திரத்தைச் சொல்லி, "தாராளமா நீரை விடும்" என்றபோது, கையை விட வேண்டியதாயிற்று. விட்ட கை நேராக நாழிக்குள் போய்விட்டது. ஒரு விதையை எடுத்து மடியில் போட்டார். இன்னொன்று. மூன்றாவது.

நாதஸ்வரக்காரர் வாசிப்பதை நிறுத்தினார்.

"அண்ணாச்சி," என்றாள் அம்மா. குரல் உயரவே இல்லை. "என் நெல்லுல என்ன பொறுக்குதீரு?"

"கவடை, தங்கச்சி," என்றார் அவர், பொய் சொல்லத் தெரியாமல்.

"எந்திரிலே," என்றாள் அம்மா என்னிடம்.

முகூர்த்தத்துக்கு அரை நாழிகைகூட இல்லை. நான் எழுந்திருக்கவும் முடியாமல், உட்காரவும் முடியாமல், மாலையோடு நடுவில் நின்றேன். பகவதி தலையைக் குனிந்துகொண்டு அழுதாள். வாய் கூடுதல் என்று நான் நினைத்த பெண் ஒரு சத்தமும் இல்லாமல் அழுதாள்.

அப்போது பிள்ளை எழுந்து அம்மாவுக்கு முன்னால் கைகூப்பினார்.

"தங்கச்சி, உன் நெல்லு மோசம்னு எடுக்கல்ல. எனக்கு ஒரு பயம். நான் கல்யாணம் முடிச்சப்ப மாமனாரு சீரா ஒரு கோட்டை வெதநெல்லு தந்தாரு. அதுல கவடை கெடந்தது. நான் கண்ணால பாத்தேன். மாமனாரு தந்த நெல்லைச் சல்லடைல போட்டு அரிச்சா அந்த மனுசனுக்கு மானக்கேடாவும்னு, அப்படியே வெதச்சேன். பாதி வயலு கவடை. அன்னைக்கு உதிர்ந்த வெதைக்கூடத்தான் இருவத்தஞ்சு வருசமா மல்லுக்கட்டுதேன். எம்மகளைக் கெட்டுதவன் வயலுக்கும் அப்படி ஆயிரப்படாதுன்னு, கை தன்னால போயிட்டு."

"கால்வாத் தண்ணில வந்ததுன்னுல்லா சொல்லுவீரு?" என்று கூட்டத்தில் யாரோ கேட்டார்கள்.

"மாமனாரு பேரைச் சொல்ல முடியுமா?" என்றார் பிள்ளை.

"அப்ப அந்த வலை?"

"அது சும்மா கெடக்கு."

எல்லோரும் பிள்ளையின் மனைவியைப் பார்த்தார்கள். அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "எனக்குத் தெரியும். எங்கப்பா கண்ண மூடுதுக்கு முன்ன சொல்லிட்டாரு. கெட்ட நெல்லக் கொடுத்துட்டேன் மக்களே, மாப்பிள்ள ஒரு வாக்கு கேக்கல்லன்னு."

பிள்ளை திகைத்துப் போனார். "தெரிஞ்ச பொறவு எதுக்குட்டி வருசா வருசம் வலையத் தைச்சுத் தந்தே?"

"நீங்க கெட்டுனீங்க, நான் தைச்சேன்," என்றாள் அவள்.

அம்மா நேராக நிறைநாழியிடம் போனாள். பிறகு தென்னம்பூவைப் பிடுங்கி என் கையில் கொடுத்தாள். "ஒரு சுளவு கொண்டாங்கட்டி," என்றாள். முறத்தைத்தான் எங்கள் பக்கத்தில் சுளவு என்போம். நிறைநாழி நெல்லை அதில் கொட்டி, பட்டுச்சேலையோடு தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். "பொஞ்சாதி வீட்டு மானத்துக்காவ இருவத்தஞ்சு வருசம் ஊரு சிரிக்க நின்ன மனுசன். இவரு வீட்டுல பொண்ணெடுக்காம வேற எங்க எடுக்க? வாரும் அண்ணாச்சி, பொறுக்கும்."

கல்யாணத்துக்கு வந்த பெண்கள் எல்லாம் சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள். அட்டிகையும் ஜிமிக்கியுமாக இருபது பேர் கவடை பொறுக்கினார்கள். போற்றியும் பூணூலை முதுகுப் பக்கம் தள்ளிவிட்டுக்கொண்டு குனிந்து பொறுக்கினார். நாதஸ்வரக்காரர் இதற்கு என்ன ராகம் என்று தெரியாமல் வந்ததை வாசித்தார். முகூர்த்தம் முடிய இரண்டு நிமிஷம் இருக்கும்போது நிறைநாழி மறுபடியும் நிறைந்தது. பந்தலிலேயே பொறுக்கிச் சுத்தம் செய்த நெல் சாட்சியாகத் தாலி கட்டினவன் நாஞ்சில் நாட்டில் நான் ஒருவன்தான்.

மறுவீட்டுக்குப் போய்த் திரும்பும்போது மாமா ஒரு பானை விதைநெல்லை வண்டியில் ஏற்றினார். பானை வாயைத் துணியால் கட்டியிருந்தார். அதன்மேல், அதுவரை ஒருவர் கையிலும் கொடுக்காத தன் சல்லடையை வைத்தார்.

"அரிச்சுக்கிடும் மருமவனே. மாமனாரு வீட்டு நெல்லுன்னு பாக்காதீரு," என்றார். அதைச் சொல்லும்போது வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்து, அவர் சொன்னபடியே பானை முழுவதையும் அரித்தேன். சல்லடைக்குக் கீழே ஒரே ஒரு கவடை விதை விழுந்தது. எடுத்து அடுப்பில் போட்டேன். நிமிர்ந்தால் வாசலில் பகவதி நின்றுகொண்டிருந்தாள். மாமா காலமாகும்வரை நானும் அவரிடம் அதைச் சொல்லவில்லை, அவளும் சொல்லவில்லை.